முதலாளியின் நெற்றியில் மூன்று கோடு

கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கும் அக்காவுக்கு ஒரு வியாதி உண்டு. பத்துப் பேர் சிரித்தபடி உள்ளே வந்தாலும், அவள் கண் போய் நிற்பது நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வரும் பதினோராவது ஆளிடம்தான். அந்தச் சுருக்கத்துக்குக் காரணம் தான்தான் என்று அந்த நிமிடமே முடிவு கட்டிவிடுவாள்.

"யாருக்கு வயித்துவலி வந்தாலும் நீதான் காரணமா?" என்பார் வீட்டுக்காரர். சொல்லும்போது அவர் புருவம் தூக்கியதை மட்டும் அவள் குறித்துக்கொள்வாள்.

"கண்ணைச் சுருக்காம படிங்க" என்று நாளெல்லாம் சொல்வதே அவள் பிழைப்பு. சுருக்கினால் பார்வை மங்கல் என்பது அவளுக்கு அத்துப்படி. முதலாளி விஷயத்தில் மட்டும் அந்த அறிவு லீவு போட்டுவிட்டது.

ஆறு மாதமாக அவர் அவளைப் பார்க்கும்போதெல்லாம் நெற்றியில் மூன்று கோடு. வேலை போகப்போகிறது என்று அவளுக்கு நிச்சயம். அந்த வேலை என்றால் அவளுக்கு உயிர். ஆனாலும் துரத்தப்படுவதற்கு முன் தானே போய்விடலாம் என்று, ஒரு திங்கட்கிழமை காலை ராஜினாமா கடிதத்தோடு போய் நின்றாள்.

முதலாளி கடிதத்தை வாங்கினார். நாலாவது கோடு விழுந்தது. கையை நீட்டினார், இன்னும் நீட்டினார். கை நீளம் போதவில்லை.

"ஏம்மா, எழுத்து இவ்வளவு பொடியாவா எழுதுவாங்க?"

அக்காவுக்குப் பயம் போய்க் கோபம் வந்துவிட்டது. ஆறு மாதமாகத் தின்ற சோறு உடம்பில் ஒட்டவில்லையே!

"சார், அந்த நாற்காலியில வந்து உக்காருங்க."

"கண்ணாடிக் கடைக்காரனுக்கே கண்ணாடியா? ஊரே சிரிக்கும்மா!"

"உக்காருங்க!"

அந்தக் கடையில் அவள் குரல் உயர்ந்தது அதுவே முதல் தடவை. மனிதர் கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார்.

தூரமும் மங்கல், கிட்டமும் மங்கல். சோதனைக் கண்ணாடியை மாட்டி வில்லைகளை மாற்ற மாற்ற, நாலு கோடும் ஒவ்வொன்றாக அழிந்தன. முதலாளி திரும்பி அவளைப் பார்த்தார்.

"உடம்பு சரியில்லையாம்மா?"

"நல்லாத்தானே சார் இருக்கேன்."

"அப்புறம் ஏன் மூஞ்சி உம்முன்னு இருக்கு? நீ எப்பவும் சிரிச்ச முகம்னுல்ல எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிட்டிருக்கேன்!"

அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சுவர் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி மாட்டிய கடை; ஊரார் நெற்றியை எண்ணியவள் தன் நெற்றியை ஒருநாளும் பார்த்ததில்லை.

"அந்தக் காகிதத்தைக் குடு, இப்ப படிச்சிடறேன்."

அவள் அதை நாலாக மடித்துக் கைப்பைக்குள் திணித்தாள்.

"அது உங்க கண்ணைச் சோதிக்கக் குடுத்தது சார். நீங்க ஃபெயில்."