ஈரண்ணாவின் கை

"என் கையால இந்த ஆபீஸ்ல ஒரு நாளாச்சும் வேலை நின்னுச்சுன்னு சொல்ற மனுஷன் இன்னும் பொறக்கல ரீ!"

ஹூப்ளியில் எங்கள் பார்சல் சர்வீஸின் வெள்ளி விழாவில் ஈரண்ணா ஹொசமனி இப்படி முழங்கினார். (எங்கள் பக்கத்து 'ரீ', தமிழின் 'ங்க' மாதிரி மரியாதைச் சொல்.) நன்றியுரையை இரண்டு வரியில் முடிக்கச் சொல்லித்தான் மைக்கைக் கொடுத்திருந்தார்கள். கைதட்டல் பலமாக விழுந்தது. அடுத்தது பேடா விநியோகம் என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

ஈரண்ணா எங்கள் கணினித் துறையின் தலைவர். துறை என்பது அவரும் ஒரு ஸ்டூலும். கார்பன் தாள் வைத்து லாரி ரசீது எழுதும் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். முதலாளி குருசித்தப்பா சாவ்கார் முதன்முதலில் கம்ப்யூட்டர் வாங்கி, "இதை யார் பார்த்துக்கறது?" என்று கேட்டபோது மற்றவர்கள் எல்லாம் ஓரடி பின்னால் போனார்கள். இவர் நின்ற இடத்திலேயே நின்றார். அதனால் முன்னால் வந்தவர் ஆனார்.

கம்ப்யூட்டர் வளர்ந்து சர்வர் ஆயிற்று. சாவ்காருக்கே மின்விசிறிதான், சர்வருக்கு மட்டும் ஏசி. ஆகவே அந்த அறையில் சர்வரோடு சாவ்காரின் இன்சுலின், ஈரண்ணாவின் மனைவி மகாதேவி கொடுத்தனுப்பும் தயிர், மே மாதத்தில் இரண்டொரு டிரைவர்கள் ஆகிய முக்கியப் பொருள்களும் பாதுகாக்கப்பட்டு வந்தன. கதவு திறந்தால் ஈரண்ணா சர்வருக்கு ஜலதோஷம் பிடித்துவிடும் என்பது போலப் பார்ப்பார்.

சர்வருக்கு வயதாயிற்று. உள்ளிருக்கும் விசிறி, தார்வாட் ஏற்றத்தில் பாரம் ஏற்றிய லாரி மாதிரி முனகியது. மாற்று உதிரி கிடைக்கவில்லை. மழை பெய்தால் கதக் கிளையில் ரசீது போட முடியவில்லை. எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றிவிடலாம் என்று யாரோ சொல்ல, சாவ்கார் சைலஜா பட்டணசெட்டியைக் கூப்பிட்டார்.

சைலஜா பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்து, வித்யாநகரில் ஒரு பேக்கரி மாடியில் சிநேகிதியோடு சேர்ந்து கம்பெனி ஆரம்பித்திருந்தாள். நாங்கள்தான் அவளுக்கு முதல் பெரிய வேலை. அதை அவள் மறைக்கவுமில்லை. "இது நல்லா முடிஞ்சா இந்தத் தெருவுல இருக்கிற மத்த டிரான்ஸ்போர்ட்டும் வரும் ரீ. கெட்டுதுன்னா கடையைச் சாத்திட்டு மறுபடி பெங்களூருக்கே பஸ் ஏறணும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். வியாபாரத்தில் இப்படி உண்மை பேசுகிற பெண்ணை எப்படி நம்புவது என்று சாவ்காருக்குச் சந்தேகம்.

"நம்ம விவரமெல்லாம் எங்கம்மா இருக்கும்?"

"மும்பையில ரீ. பெரிய கட்டடம்."

"போய்ப் பார்க்கலாமா?"

"உள்ள விடமாட்டாங்க."

"நம்ம சாமானை நாமளே பார்க்கக் கூடாதா? இது என்ன நியாயம்?"

"சாவ்கார், உங்க லாரியில மூட்டை ஏத்தினவன் வழியெல்லாம் அதைப் பார்த்துக்கிட்டேவா வர்றான்? உங்களை நம்பி விட்டுட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கலையா?"

சாவ்காரின் தொழிலை எடுத்து அவர் மீதே ஒருவர் வீசியது அதுதான் முதல் தடவை. அவருக்கு அவளைப் பிடித்துப் போயிற்று.

அவள் காகா, அதாவது சித்தப்பா, என்று கூப்பிடும் ஈரண்ணா அவ்வளவு சுலபத்தில் விடவில்லை.

"நெட் போச்சுன்னா?"

"ரெண்டு லைன் போடலாம் காகா."

"ரெண்டும் போச்சுன்னா?"

"போன் வழியா ஓட்டலாம்."

"அதுவும் போச்சுன்னா?"

"அப்ப ஊரே நின்னிருக்கும் காகா. பார்சல் அனுப்ப யாரு வரப் போறாங்க?"

எல்லாரும் சிரித்தோம். ஈரண்ணாவும் சிரித்தார். அவர் மீசை மட்டும் கலந்துகொள்ளவில்லை.

சங்கடங்கள் இன்னும் இருந்தன. ஆபீஸ் முழுவதற்கும் ஒரே கடவுச்சொல். சாவ்காரின் தாயார் பெயர். மறக்காமலிருக்கச் சுவரில் எழுதி, அம்மாவின் படத்தையும் மேலே மாட்டியிருந்தோம். ஆளுக்கொன்று வைக்கச் சொன்னபோது, தாயாரை அவமதித்ததாக சாவ்கார் அன்று சாயங்காலம் வரை பேசவில்லை. இளகல் சேலை வியாபாரிகளோ, கரகரவென்று சத்தம் போடாத பிரிண்டரில் வந்த ரசீது செல்லாது என்றார்கள். சைலஜா ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். தினமும் ஈரண்ணாவின் ஸ்டூலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, "காகா, உங்களைக் கேட்காம ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்பாள். "மாறின பிறகும் காகாதான் எல்லாத்தையும் பார்த்துக்கணும், அவர் சம்பளத்துல கை வைக்காதீங்க" என்று சாவ்காரிடமும் சொல்லி வைத்தாள். பாவம் ஈரண்ணா. பொறாமைப்பட ஒரு நல்ல காரணத்தைக்கூட அவள் விட்டு வைக்கவில்லை.

கண்டே நவமிக்கு, அதாவது ஆயுத பூசைக்கு, லாரிகள் எல்லாம் நிற்கும், கிளைகளும் பூட்டியிருக்கும். அந்த விடுமுறையில் சர்வரிலுள்ள அத்தனையையும் மேலே அனுப்பிவிட்டு, விஜயதசமி காலையில் புதிய முறையில் முதல் ரசீது போடுவது என்று முடிவாயிற்று. கிளைகளை முன்கூட்டியே புதிய வழிக்குத் திருப்பியாயிற்று. சைலஜா எங்கள் எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னாள்: "அனுப்பறது நடுவுல நிக்கவே கூடாது. நின்னா எது போச்சு, எது போகலைன்னு பிரிச்செடுக்கறதுக்குள்ள உயிர் போயிடும். நான் இங்கயே உட்கார்ந்திருக்கேன்."

"பண்டிகை நாள்ல பொண்ணு இங்க எதுக்கு?" என்றார் ஈரண்ணா. "ராணிபென்னூருக்குப் போய் அம்மா கையால ஹோளிகே சாப்பிடு தாயி. நான் இருக்கேன்."

அதை அவர் மனசாரத்தான் சொன்னார். இதில்தான் வில்லங்கமே. அனுப்புவதைத் தொடங்கி வைத்துவிட்டு அவளும் நம்பி ஊருக்குப் போனாள்.

கண்டே நவமியன்று லாரிகளெல்லாம் வாழைக்கன்று கட்டி, சாமந்தி மாலை போட்டு, கல்யாண மாப்பிள்ளைகளாக நின்றன. சாவ்கார் வெளியே லாரிச் சக்கரங்களுக்கு முன் பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருந்தார். பூசைக்கு வந்த ஐயா, கடைசியில் சர்வர் அறைக்குள் வந்தார். தேங்காய்த் தட்டோடு நானும் வந்தேன்.

ஐயா விபூதியைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றார். "என்ன ஈரண்ணா, இன்னும் முனகுதே? ஓடுற ஆயுதத்துக்கு எப்படிப்பா பூசை? லாரியெல்லாம் எஞ்சினை நிறுத்தலையா?"

வருஷா வருஷம் இந்த நாளில், இந்த நேரத்தில் ஈரண்ணா தன் கையால் சர்வரை அணைப்பார். அதற்கு விபூதி பூசி, பூ வைத்து, மறுநாள் காலை வரை தொட மாட்டார். இதுதான் கடைசி வருஷம். அவர் சர்வரைப் பார்த்தார். ஐயாவைப் பார்த்தார். கை போய் அணைத்துவிட்டது. பழக்கம்தானா, பழைய சிநேகிதனுக்குச் செய்த கடைசி மரியாதையா, அல்லது அந்த மும்பைக் கட்டடம் என்னதான் செய்துவிடும் பார்ப்போம் என்ற ஒரு சின்ன அற்பத்தனமா, அவருக்கே தெரியாது. இதுவும் திட்டத்தில் ஒரு பகுதி போலும் என்று நினைத்துக்கொண்டு நான் தேங்காயை நீட்டினேன்.

சாயங்காலம் போன் வந்தது. நான் பக்கத்தில் பொரி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"காகா, இங்க சிக்னலே இல்ல, மாடியில நின்னு பேசறேன். ஓடுதா?"

ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஓடுது தாயி. நீ சாப்பிடு."

பூசையில் வைத்த ஆயுதத்தை விடியும் முன் தொடக்கூடாது. ஈரண்ணா ஆசாரம் தவறாதவர். பொய் சொல்வது குறித்து ஆசாரத்தில் அன்றைக்கென்று தனியாக ஒன்றும் சொல்லப்படவில்லை.

விஜயதசமி காலை, நல்ல நேரத்தில் சாவ்கார் புதுச் சட்டை போட்டுக்கொண்டு முதல் ரசீதுக்கு விரல் வைத்தார். பாதி ஊர்களே திரையில் இல்லை. பாகல்கோட்டை இருந்தது, இளகல் இல்லை. வாடிக்கையாளர்கள் பெயர் இருந்தது, அவர்கள் அனுப்பிய சரக்கு இல்லை. பழைய வழியை அடைத்தாயிற்று, புதிய வழி பாதியில் நின்றது. வாசலில் மூட்டைகளும், மூட்டைகளின் சொந்தக்காரர்களும், அவர்களின் வாயும் பெருகின.

முதல் பஸ்ஸில் வந்திருந்த சைலஜா திரையை ஒரு தடவை பார்த்தாள். சர்வர் அறைக்கு ஓடி வந்தாள்.

"காகா, ராத்திரி கரண்ட் போச்சா?"

"போயிருக்கலாம்."

பேட்டரி இருக்கிறதே என்று அவள் கேட்கவில்லை. சர்வரையே தட்டிக் கேட்டிருந்தால் அது எப்போது அணைந்தது என்று சொல்லியிருக்கும். அவள் அதையும் செய்யவில்லை. காகாவே சொல்லிவிட்டாரே. போகிற அவசரத்திலும் கைப்பையிலிருந்து பன்னி இலைகளை, அதாவது வன்னி இலைகளை, எடுத்து அவர் கையில் வைத்து, காலைத் தொட்டாள். "நீங்களும் நானும் பொன் மாதிரி இருப்போம் காகா."

தசராவுக்குப் பொன்னாக நினைத்துப் பன்னி இலை கொடுத்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதுதான் முறை. பகையாளிக்குக்கூட மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். ஈரண்ணா இலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் என் பங்கை நீட்டினேன்.

"எனக்குத் தராத" என்றார்.

"ஏன் அண்ணா?"

"தராதன்னா தராத. தயிர் வேணும்னா எடுத்துக்கிட்டுப் போ."

இத்தனை வருஷத்தில் அந்தத் தயிரில் அவர் யாருக்கும் ஒரு கரண்டி கொடுத்ததில்லை. ஆள் ஏதோ பெரிய வியாதியில் விழுந்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. அப்போதுதான், நேற்று நான் தேங்காய் நீட்டிய காட்சியும் நினைவுக்கு வந்தது. அவரைப் பார்த்தேன். அவர் தரையில், அவள் தினமும் உட்காரும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே சாவ்காரின் குரல் கேட்டது. "விஜயதசமியன்னிக்கு என் கல்லாவை நிறுத்திட்டியேம்மா! மூட்டை கட்டு. வேற ஆளை வெச்சு நான் பார்த்துக்கறேன். தெருவுல எவனும் உன்னைக் கூப்பிடாம இருக்கறதுக்கும் நான் பொறுப்பு."

"நான் கிட்ட இருந்திருக்கணும் சாவ்கார். தப்பு என்னுதுதான்." அவள் அழவில்லை. மடிக்கணினியின் வயரைச் சுற்றினாள். சுற்றியதையே மறுபடி அவிழ்த்துச் சுற்றினாள்.

"தப்பு உன்னுதுன்னா ஆச்சா? நின்னது நின்னதுதானே? எப்படி நின்னுச்சு? அதையாவது சொல்லு!"

ஏசி அறைக் கதவு திறந்தது. ஜலதோஷத்தைப் பற்றி அன்று யாரும் கவலைப்படவில்லை. ஈரண்ணா வந்து, சைலஜாவுக்கும் சாவ்காருக்கும் நடுவில் நின்றார். கையிலிருந்த இலைகள் கசங்கியிருந்தன. வாசல் கூட்டத்தின் இரைச்சலில், பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும்தான் அவர் குரல் கேட்டது.

"என் கையால நின்னுச்சு ரீ."