சந்தேகம் வாசித்த பலகை

அந்தத் தெருவில் அவரை யாரும் மெக்கானிக் என்று கூப்பிட்டதில்லை. 'சந்தேகம்' என்றால்தான் தெரியும். பட்டறைக் கதவைப் பூட்டி மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்பி வந்து இன்னொரு முறை இழுப்பார். கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டே பக்கத்து வெல்டரிடம் மணி கேட்கிற மனுஷன்.

டீசல் வண்டி குளிரில் கிளம்பாவிட்டால் முதலில் ஹீட்டர் பிளக்கைத்தான் பார்க்க வேண்டும். எஞ்சினுக்குள் காற்றைச் சூடாக்கும் விரல் நீளச் சாமான் அது. நாலு பிளக்கையும் ஒரு தகட்டுப் பட்டை கோத்துப் பிடித்திருக்கும். அதைக் கழற்றாமல் சோதனை பல்பின் கம்பியைப் பிளக்கில் வைத்துப் பார்த்தால், உயிரோடு இருக்கிற ஒரு பிளக், செத்துப்போன மற்ற மூன்றுக்கும் சேர்த்து பல்பை எரியவைத்து ஏமாற்றிவிடும். அதனால் சந்தேகம் சிவப்புப் பெயிண்டில் ஒரு பலகை எழுதி மாட்டியிருந்தார்: 'பட்டையைக் கழற்றாமல் பிளக்கைச் சோதிப்பவன் மெக்கானிக் அல்ல.' தப்புச் செய்தவர் கைகட்டி நின்று அதை உரக்கப் படிக்க வேண்டும். சும்மா விளையாட்டுக்குப் பல்பை வைத்துப் பார்த்த வெல்டரைக்கூட அவர் விடவில்லை.

அப்படிப்பட்டவரின் மனைவி, நாற்பத்துநாலு வயதில் லைசென்ஸ் எடுத்து, பழைய வேன் ஒன்று வாங்கி, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போக ஒப்புக்கொண்டிருந்தாள். முதல் நாளே தாமதமானால் வேறு வண்டி பார்த்துக்கொள்வோம் என்று தலைமையாசிரியை கறாராகச் சொல்லியிருந்தார். ஏழேகாலுக்கு முதல் பிள்ளை தன் வீட்டு வாசலில் நிற்கும். ஆறே முக்காலுக்குப் பட்டறை வாசலில் சாவியைத் திருப்பினால், வேன் இருமியது. அவ்வளவுதான்.

அவளைவிட அவருக்குத்தான் அவசரம். பல்பை எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலு இடத்திலும் எரிந்தது.

"பிளக் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. பேட்டரிதான் மக்கர் பண்ணுது."

டார்ச் பிடித்துக்கொண்டிருந்த அவள் எஞ்சினைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஏங்க, பட்டையைக் கழட்டினீங்களா?"

அவர் குனிந்து பார்த்தார். பட்டை அப்படியே இருந்தது. இருபது வருஷமாக ஊரையே சந்தேகப்பட்டவர் தன்னைச் சந்தேகப்பட மறந்துவிட்டார்.

"சாயங்காலம் பேசிக்கலாம். இப்போ ஸ்பேனரை எடுங்க" என்றாள் அவள்.

பட்டையைக் கழற்றிப் பார்த்தால் இரண்டாவதுதான் உயிரோடு இருந்தது. மற்ற மூன்றும் காலி. அலமாரியில் புதுசு மூன்று இருந்தன. அந்த அவசரத்திலும் ஒவ்வொன்றையும் பேட்டரியில் வைத்து நுனி சிவக்கிறதா என்று பார்த்துத்தான் மாட்டினார். பழக்கம் போகுமா? ஏழு பத்துக்கு அவள் சாவியைப் பாதி திருப்பி, பிளக் சூடாகப் பத்து எண்ணி, பிறகு முழுதாகத் திருப்பினாள். வேன் உறுமிக்கொண்டு எழுந்தது. முதல் பிள்ளையின் வீடு அடுத்த தெருதான். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள். அவருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. துடைத்ததில் கன்னமெல்லாம் கிரீஸ்.

சாயங்காலம் எல்லாப் பிள்ளைகளையும் இறக்கிவிட்டு வேன் பட்டறை வாசலில் வந்து நின்றபோது, வெல்டரும் டயர்க்கடைக்காரரும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். யார் சொன்னார்களோ.

"நாளையிலேருந்து தினமும் நீங்களே வாங்கன்னு பெரிய டீச்சர் சொல்லிட்டாங்க" என்றாள் அவள். "இப்போ படிங்க."

சந்தேகம் கையைக் கட்டிக்கொண்டு பலகையை ஒரு தடவை படித்தார்.

"சத்தம் பத்தலையே அண்ணே" என்றார் வெல்டர். அவர் காத்திருந்த நாள் இது.

சந்தேகம் தெருப் பக்கம் திரும்பி நின்று, முன்னைவிடப் பலமாக இன்னொரு தடவை படித்தார். யாரும் கேட்காமலே மேற்கொண்டு சேர்த்துச் சொன்னார்:

"கண்டுபிடிச்சது என் பொண்டாட்டி."