உள்ளங்காலில் விழுந்த அடி

லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் நடந்து களைத்து, ஒரு பழைய இசைத்தாளின் முன் நிற்கிறேன். பக்கத்துக் குறிப்பின்படி, எழுதியவர் மொராவியன் என்ற கிறிஸ்தவ சபையின் மிஷனரி, வயலினும் செய்தவர். எகிப்தில் அதிகாரி ஒருவரின் ஆட்கள் பணம் கேட்டு அவரை உள்ளங்காலில் அடித்திருக்கிறார்கள். எழ முடியாமல் கிடந்த நாட்களில் இசை எழுதியிருக்கிறார்.

அந்த அறையின் காவலர் யாழ்ப்பாணத்துக்காரர். என்னிடம் தமிழில் பேச்சுக் கொடுத்தவருக்கு இந்தக் கதையைச் சொல்கிறேன்.

“எவ்வளவு நாள் கிடந்தவராம்?”

“சில வாரங்களாம்.”

“எனக்கு மூண்டு மாசம், அண்ணை. ஆமிக் காம்பிலை உள்ளங்காலிலைதான் அடிச்சவங்கள்.”

“அப்புறம் எப்படி நாள் முழுக்க நிக்கிறீங்க?”

“நிக்கிற வேலைதானே கிடைச்சது.”

சுவரோர நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போடுகிறார். “இருங்கோ, களைச்சுப் போனியள்.”

மறுக்கத் தெம்பில்லாமல் உட்கார்ந்துவிடுகிறேன். அவர் நிற்கிறார்.