கை வைத்துப் பார்க்கும் ஏகநாதன்

தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியிருந்த ஏகநாதனின் ஷெட்டில் சூடு பார்க்க மீட்டர் கிடையாது. கியர் பாக்ஸ் வேலை முடிந்ததும் வண்டியை ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வருவார். கீழே நுழைந்து, பாக்ஸின் மேல் வலது உள்ளங்கையை வைத்து மூன்று எண்ணுவார். மூன்று வரை கை தாங்கினால் வண்டி போகலாம். இரண்டிலேயே கையை எடுத்தால் பாக்ஸைப் பிரிக்க வேண்டும். அவ்வளவுதான் அவருடைய சோதனை.

நான் சாலமோன், பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடை. லாரிக்காரர்கள் அந்தக் கையைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால் எனக்கு எரிச்சலாக வரும். "ஏகா அண்ணன் கை வெச்சிட்டாரு" என்று சொல்லிவிட்டு, மறுபேச்சில்லாமல் சேலம் வரை லோடு ஏற்றிக்கொண்டு போவார்கள். ஆனால் அவர்களையும் குறை சொல்ல முடியாது. நான் கடை போட்டபின் முதல் பதினாறு வருஷம் அந்தக் கை ஒரு தடவையும் தப்பவில்லை.

அவருக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருஷமாகிறது. மாத்திரையை நினைத்தால் போடுவார். டீயில் மூன்று கரண்டி சர்க்கரை விழவில்லையென்றால் டீக்கடைக்காரனின் பரம்பரையையே இழுப்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் பழைய ஆயில் சீல் வளையம் ஒன்றைக் கொண்டுவந்து கல்லாமேசையில் வைத்து, அதே அளவில் புதிது கேட்டார். சீல் முழுக்க ரத்தம். பார்த்தால் அவருடைய சுட்டுவிரலில் ஓர் இரும்புச் சில் ஆழமாக இறங்கி நின்றது.

"அண்ணா, வெரல்ல ரத்தம்."

குனிந்து பார்த்தார். "அட, கிரீஸுன்னுல்ல நெனச்சேன்" என்று சிரித்தார். சில்லைப் பிடுங்கி வாசலில் எறிந்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு பார்த்ததெல்லாம் அதையேதான் சொன்னது. டீ கிளாஸை நாங்கள் எல்லோரும் விளிம்பில் தொட்டும் தொடாமலும் பிடிப்போம். அவர் அடியைச் சுற்றி முழுக்கையால் பிடித்திருப்பார். சர்க்கரை அந்தக் கையில் இருந்த உணர்ச்சியைத் தின்றுவிட்டது. பிறகு எப்படித் தொழிலை ஓட்டினார் என்றால், காதால். கம்பியின் ஒரு முனையைப் பாக்ஸில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்து உள்ளே ஓடும் சத்தத்தைக் கேட்பார். பாதிக் கோளாறு அதிலேயே பிடிபட்டுவிடும். அப்புறம் டிரைவர் பார்ப்பதற்காகக் கையை வைத்து மூன்று எண்ணுவார்.

நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் இரும்புலியூர் முழுக்கப் பரவ ஒரு டீ குடிக்கிற நேரம் போதும், அப்புறம் எவன் வண்டி விடுவான், ஷெட்டை மூடினால் மனுஷன் என்ன ஆவார் என்றெல்லாம் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதைவிடக் கேவலமானது. அவருடைய வாய்க்குப் பயந்தேன்.

அதனால் சுற்றிவளைத்து ஒரு காரியம் செய்தேன். கொரோனா சமயத்தில் நம் நெற்றிக்கு நேராகத் துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்டினார்களே, அதைப் போலவே இரும்பின் சூடு பார்க்க ஒரு மெஷின் வருகிறது. பிராட்வே கடைத்தெருவுக்குப் போய் ஒன்று வாங்கி வந்து கொடுத்தேன். அவராகப் புரிந்துகொள்வார் என்று நம்பிக்கை.

"இன்னாத்துக்கு இது? என் கை மேல நம்பிக்க இல்லியா ஒனக்கு?"

"தாராளமா கீது, அண்ணா. புதுசா வந்துகீது, சும்மா வெச்சிக்கோ."

"ஒன் பொண்டாட்டி தோசக்கல்லுக்கு வெச்சிக்க சொல்லு."

சொல்லிவிட்டு, அட்டைப்பெட்டியைப் பிரிக்காமல் டூல்ஸ் பெட்டிக்குள் எறிந்தார். எறிவதற்கு முன்னால் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். நான் சாலையைப் பார்த்தேன்.

போன டிசம்பர் மழையில் முடிச்சூர் பக்கம் வழக்கம்போல ஏரியானது. தயாளனுக்கு அது அறுவடைக் காலம். தயாளன் கவுல்பஜார்க்காரன், சொந்தமாக ஒரு பெரிய ரெக்கவரி வண்டி வைத்திருக்கிறான். பின்னால் கிரேனும் இரும்புக் கயிறும் உண்டு. நின்றுபோன லாரியைக்கூட மூக்கைத் தூக்கிக் கட்டி இழுத்துவிடும். நாலு நாள் அந்த வண்டி இடுப்பளவு தண்ணீரில் நின்று கார்களை இழுத்துப் போட்டது. ஐந்தாம் நாள் காலையில் ஷெட்டு வாசலில் வந்து நின்றான்.

"அண்ணா, கியர் பாக்ஸ் கொதிக்குது. கேபின்ல கால் வெக்க முடியல."

ஏகநாதன் ஆயிலைத் திறந்துவிட்டார். தேன் நிறத்தில் வர வேண்டியது பால் காபி நிறத்தில் வந்தது. பாக்ஸ் மூச்சு விடுவதற்கென்று மேலே ஒரு சின்னக் குழாய் இருக்கும். அது வழியாக வெள்ளம் உள்ளே போயிருக்கிறது. போகிற தண்ணீர் சும்மா போகாமல் சேற்றால் குழாயையும் அடைத்துவிட்டிருந்தது. அவர் குழாயைக் குத்திச் சுத்தம் செய்தார். இரண்டு முறை ஆயில் ஊற்றி அலசி, மூன்றாவதாகப் புது ஆயில் நிரப்பினார். இதுவரை எந்த மெக்கானிக்கும் குறை சொல்ல முடியாத வேலை.

தண்ணீர் கலந்த ஆயிலில் நாலு நாள் ஓடிய பேரிங் எந்தக் கதியில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. சத்தம் பெரிதாக இல்லை. சூடுதான் சொல்ல வேண்டும். ஓட்டிவிட்டு வந்து, கீழே நுழைந்து, கையை வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று.

"வெதுவெதுன்னுதான் கீது. எட்துனு போ."

தயாளன் எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் சிங்கப்பெருமாள் கோவிலில் அச்சு முறிந்து கிடந்த ஒரு லோடு லாரியைக் கட்டி, தாம்பரம் வரை இழுத்து வந்தான். லாரியை இறக்கிவிட்டு நேராக ஷெட்டுக்கு வந்தான். ஏகநாதன் கேட்ட ஆயில் சீலைக் கொடுக்க நானும் அப்போது அங்கேதான் நின்றேன்.

"கூடுவாஞ்சேரி தாண்டும்போதே நாத்தம், அண்ணா. கியர் வுழ மாட்டேங்குது."

"லோடு இழுத்தா சூடாவத்தான் செய்யும். புது மாப்ள மாதிரி பயந்துகினு கீற."

"சாலமோன் அண்ணன் ஏதோ மெஷின் குட்த்தாராமே. அத்த வெச்சி ஒரு வாட்டி பாத்துர்லாமா?"

ஏகநாதன் என்னை முறைத்தார். தயாளன் என்னைப் பார்த்தான். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருந்தால் போதும். "பாரேன் அண்ணா" என்று இரண்டு வார்த்தை. கையில் இருந்த சீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மெஷினாம் மெஷின்" என்று ஏகநாதன் சாக்கை விரித்துக் கீழே நுழைந்தார். தயாளனும் மறுபக்கம் குனிந்து உள்ளே போனான். அவர் கையை வைத்தார்.

"ஒண்ணு."

எனக்கு முதலில் நாற்றம்தான் வந்தது. ரப்பர் கருகுகிறது என்று நினைத்தேன்.

"ரெண்டு. மூணு. தோ பார், ஒண்ணும் இல்ல. நீயே வெச்சிப் பாரு."

தயாளன் விரலை வைத்த வேகத்தில் இழுத்துக்கொண்டு கெட்ட வார்த்தையில் கத்தினான். பிறகு அவன் குரல் மாறியது.

"அண்ணா. கைய எடு. அண்ணா, கைய எடு."

"இன்னாடா?"

தயாளன் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். உள்ளங்கைத் தோல் பாக்ஸிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. ஏகநாதன் வெளியே வந்து உட்கார்ந்து, யாருடையதோ என்பதைப் போல அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் வலி இல்லை. மாட்டிக்கொண்ட அவமானம் மட்டும்தான் இருந்தது. அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

தயாளன் குடத்துத் தண்ணீரை அந்தக் கையில் ஊற்றிக்கொண்டே பேசினான். அவன் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"வரும்போது பின்னாடி அவ்ளோ லோடு, அண்ணா. பெருங்களத்தூர்ல ஸ்கூல் புள்ளைங்க ரோட்டத் தாண்டிகினு இருந்துச்சிங்க. அங்க பாக்ஸ் ஜாம் ஆயிருந்தா? நீ கை வெச்சேன்னுதான நான் எட்துனு போனேன்."

நான் காலிக் குடத்தை வாங்கிக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனேன்.

வண்டியை வண்டலூரில் வேறு ஆள் பிரித்தார். பின்பக்கத்துப் பேரிங் சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்ததாம். இன்னும் பத்து கிலோமீட்டர் தாங்கியிருக்காது என்று சொன்னாராம். தயாளன் வெளியில் எதையும் பரப்பவில்லை. ஆனால் கட்டுப் போட்ட கையை மறைக்க முடியுமா? அந்த வாரத்தோடு ஷெட்டுக்கு வண்டி வருவது நின்றது.

சர்க்கரை உடம்பில் புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் முதலில் மூன்று விரலை எடுத்தார்கள். பொங்கல் கழிந்து மணிக்கட்டு வரை எடுத்தார்கள்.

அவர் வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்துத்தான் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வந்தது. வீடு பீர்க்கன்கரணையில். அவர் மனைவி முனியம்மா கதவைத் திறந்தார். உள்ளே விடுவதற்கு முன்னால், வாசலிலேயே குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ரெண்டு வருஷமா, சாப்ட ஒக்காந்தா 'சோறு சூடா கீதா, நீ தொட்டுப் பாத்து சொல்லு'ன்னுவாரு. நான் பாசம்னு நெனச்சிகினு இருந்தேன் தம்பி."

ஏகநாதன் கட்டிலில் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் மொட்டைக் கையை மடியிலிருந்து தூக்கித் தலையணையில் வைத்தார்.

"சுடுதுடா, சாலமோன்."

"எங்க அண்ணா?"

"வெரல் நுனி. அஞ்சும். ராவும் பகலும் சுடுது." இல்லாத விரல்களை இடது கையால் காற்றில் காட்டினார். "இருந்தப்போ ஒண்ணும் தெரியல. டாக்டரு அப்டித்தான் இருக்கும்ன்றாரு."

பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அந்த மெஷின் வாங்கினு வந்தியே. அப்பவே ஒனக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும், அண்ணா."

"சொல்லியிருக்கலாம்."

"நீ அடிச்சிருப்பே."

"அடிச்சிதான் இருப்பேன்" என்றார். "அடிக்கிற கை மிஞ்சியிருக்கும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தோளை முறுக்கினார். நெற்றி வியர்த்தது. பதினெட்டு வருஷப் பழக்கத்தில் அவர் வலியில் துடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"கொஞ்சம் ஊதுடா" என்றார்.

கட்டிலருகே மண்டிபோட்டேன். கட்டுத் துணி முடிந்த இடத்துக்கு அப்பால், தலையணை மேல் ஒன்றும் இல்லாத இடத்தில் ஊதினேன்.

"இன்னும் கொஞ்சம் மேல" என்றார். மேலே ஊதினேன்.