சிம்மைக் கழற்றிக் கொடுத்த அக்கா

திண்டிவனத்தில் பஸ் ஏறியதுமே என் போன் அணைந்தது. வீட்டில் அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு மல்லாட்டைக் கடலை உரித்ததில், சார்ஜர் செருகும் ஓட்டையில் தூசி அடைத்திருந்தது. கூட்டேரிப்பட்டில் இறங்கி, கடையில் சார்ஜர்களை மாற்றி மாற்றிச் செருகியும் உயிர் வரவில்லை. ஐந்து மணிக்குள் ஓடிபி வாங்கிப் பதிவு செய்தால்தான் கல்லூரியில் இடம். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் நான். யார் முன்னும் அழாதவள், அங்கே அழுதேன்.

“அழுதுகினு நின்னா ஆவுமா? உன் சிம்ம இதுல போடும்மா.”

பஸ்ஸுக்கு நின்றிருந்த அக்கா ஒருவர், தாலியில் கோத்திருந்த ஊக்கால் தன் சிம்மைக் கழற்றிவிட்டுப் போனை நீட்டினார். பதிவு முடிந்தது.

அவருடைய சிம்மைத் திரும்பப் போட்டதும் அழைப்பு வந்தது. மருமகனின் குரல் எனக்கே கேட்டது.

“எத்தினி வாட்டி அடிக்கிறது அத்தே? பொண்ணு பொறந்துக்குது, ஜல்தி வாங்க!”

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் மகளுக்குப் பிரசவம் என்று அவர் என்னிடம் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அந்தப் போனை வேண்டாம் என்றிருப்பேனா? தெரியவில்லை.