சாய்தளம் இருந்த இடம்

விழுப்புரத்தின் ஓரத்தில் ஏழைகளுக்கு அடுக்குமாடி வீடுகள் கட்டியபோது பொறியாளராகப் பொறுப்பில் இருந்தவன் நான். ஓய்வு பெற்று இப்போது திண்டிவனத்தில் இருக்கிறேன். அந்த வீடுகளைப் பற்றி யாராவது பாராட்டிப் பேசினால் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

எல்லாச் சாதியாரும் கலந்து இருக்க வேண்டும் என்று குலுக்கலில் வீடு ஒதுக்கினோம். நடக்க முடியாதவர்களுக்கு மட்டும் குலுக்கல் இல்லை, தரைத்தளம்தான். கெடாரிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு அப்படி ஒரு வீடு கிடைத்தது. சிறு வயதில் போலியோ வந்து கால்கள் சூம்பிப்போனவர். தனி ஆள். கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்றுப் பிழைத்தார். வண்டியோடு வீட்டுக்குள் போக, வாசல் படிகளுக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் கட்டியிருந்தேன்.

முன்னால் வரும் சாலை நேராக வந்து அந்தச் சாய்தளத்தில் முட்டியது. குடிவர வேண்டியவர்கள் சாவி வாங்க மறுத்தார்கள்.

"தெருக்குத்து சார். புள்ளகுட்டிய வெச்சிக்கினு எப்படி இருக்கறது? அங்க ஒரு பிள்ளையார வெச்சிட்டா ஒரு பேஜாரும் இல்ல" என்றார் அவர்களில் மூத்தவர்.

யாரோடு யார் ஒரே படிக்கட்டில் ஏறுவது என்று அதுவரை முகம் சுளித்துக்கொண்டிருந்தவர்கள், பிள்ளையாருக்காக ஒன்றாக வந்து நின்றார்கள். எனக்கு அது பெரிய வெற்றியாகத் தெரிந்தது. சாய்தளத்தை இடிக்கச் சொன்னேன். மறுபக்கம் ஒன்று கட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். மறுபக்கம் கழிவுநீர்த் தொட்டி இருந்தது. கட்டவில்லை. பிள்ளையார் வந்தார், வீடுகள் நிறைந்தன.

அந்தப் பெண் அலுவலக வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்.

"ரெண்டு படிதானம்மா. யாராச்சும் தூக்கி விட்டுடுவாங்க" என்றேன்.

"தூக்கி விட ஆளு இருந்தா நான் ஏன் சார் கீழ் வீடு கேக்கறேன்? குலுக்கல்ல காத்து வர்ற மாடி வீடு வந்தா வாங்கிக்கினு போயிருப்பேனே."

"அங்க இருக்கறவங்ககிட்ட நீ பேசிப் பாரேன்."

கழுத்துக் கயிற்றிலிருந்த சிலுவையை எடுத்துக் காட்டினார். "இதப் போட்டுக்கினு நான் போயி பிள்ளையார எடுங்கன்னு சொன்னா, ஊரு வேற மாதிரி பேசும் சார். நீங்கதான் பேசணும்."

பேசுகிறேன் என்றேன். பேசவில்லை. கூடிவந்தவர்கள் கலைந்துவிடுவார்களோ என்ற பயம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அலுப்புதான். மீண்டும் ஒரு சண்டையைத் தொடங்க எனக்கு விருப்பமில்லை.

வண்டியை வெளியே விட்டுவிட்டு அவர் தவழ்ந்துதான் உள்ளே போய்வந்தார். வண்டி மழையில் நனைந்து துருவேறியது. ஐப்பசி முடிவதற்குள் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கெடாருக்கே போய்விட்டார். தேடிப் போகலாம் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். போய் எதைக் கொடுப்பது? அந்த வீட்டுக்கு வேறு குடும்பம் வந்துவிட்டது.

சமீபத்தில் திண்டிவனத்தில் புதிதாகக் கட்டப்போகும் குடியிருப்பைப் பற்றிக் கருத்துக் கேட்கிறார்கள் என்று போனேன். வரைபடத்தைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். சாய்தளம் இருந்தது. அதற்கு நேர் எதிரே தெரு.

"இத வேற பக்கம் மாத்திடுங்க. தெரு நேரா வந்து முட்டுது" என்றேன்.

அங்கிருந்த பொறியாளர் சிரித்தார். "என்ன சார், இன்ஜினியரா இருந்துட்டு நீங்களே தெருக்குத்து பாக்கறீங்களா?"

"நான் பாக்கறதில்லப்பா. குடிவர்றவங்க பாப்பாங்க. அப்ப இதத்தான் இடிக்கச் சொல்லுவாங்க. நீயும் சரின்னுடுவ."

அவர் சிரிப்பை நிறுத்தவில்லை. ஆனாலும் பென்சிலை எடுத்து அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டார். மாற்றுவாரா, தெரியவில்லை. வட்டத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வெளியே வந்தேன்.