நேசன் அண்ணையின் கேக்குக்கு எந்தக் கொடி?

போன கிழமை எங்கள் தொழிற்சாலைக் கன்ரீனில் ஒரு கொடிப் பிரச்சினை. ஐ.நா. சபை வரைக்கும் போயிருக்க வேண்டியது... நல்லகாலம், கேக்கோடு முடிந்தது!

டென்மார்க்கில் பிறந்தநாள் என்றால் மேசையில் கொடி வைப்பார்கள். சிவப்பில் வெள்ளைச் சிலுவை. நாய்க்குப் பிறந்தநாள் என்றாலும் அதுதான். இக்காஸ்டில் நாங்கள் வேலை செய்யும் துணித் தொழிற்சாலையிலும் அதே வழக்கம். பிறந்தநாள்காரர் பணிசும் கேக்கும் கொண்டுவருவார். நிர்வாகம் குட்டிக் கொடிக்கம்பம் ஒன்றை மேசையில் வைக்கும். கை தட்டிப் பாடுவோம், பிறகு மெஷினுக்கு ஓடுவோம்.

இந்த அழகான ஏற்பாட்டில் லீனா வந்து கை வைத்தாள்.

லீனா ஆளணிப் பிரிவுக்குப் புதிதாக வந்த டெனிஸ் பிள்ளை. நல்ல பிள்ளை. அதுதான் பிரச்சினை! ஏதோ ஒரு கோர்ஸுக்குப் போய் வந்தவள், இனிமேல் அவரவர் பிறந்தநாளுக்கு அவரவர் நாட்டுக் கொடி என்று அறிவித்தாள். எல்லோருடைய அடையாளத்தையும் மதிக்க வேண்டுமாம். முதல் வேலையாக, துருக்கி அரசுக்குப் பயந்து ஓடிவந்த ஒரு குர்து மனிதருக்குத் துருக்கிக் கொடியை வைத்தாள். மனிதர் கேக்கைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். நாங்கள் வெறும் பணிசைத் தின்றோம்.

அடுத்த பிறந்தநாள் நேசன் அண்ணைக்கு. எங்களுக்கெல்லாம் முந்தி இந்தத் தொழிற்சாலைக்கு வந்த தமிழர். ஐம்பதாவது வயது வேறு!

நேரத்தைப் பாருங்கள். ஊரில் போர் முடிந்து ஒரு மாதமும் ஆகவில்லை. முடிந்தது என்று சொல்லவே எங்களுக்கு வாய் வரவில்லை. நேசன் அண்ணையின் தங்கச்சி குடும்பம் எந்த முகாமில் இருக்கிறது, இருக்கிறதா என்பதே தெரியாது. ஒவ்வொரு இடைவேளைக்கும் அவர் போனைக் காதில் வைத்தபடி வெளியே நிற்பார். அந்த மனிதரின் கேக்குக்குப் பக்கத்தில் இலங்கை அரசின் சிங்கக் கொடியா?

லீனாவுக்கும் குர்து அனுபவத்தில் பயம் பிடித்திருந்தது. ஆகவே, தமிழர்களைக் கேட்டே செய்வோம் என்று கிளம்பினாள். விதி!

பொதி கட்டும் பகுதியில் நிற்கும் குகன், "வேறொரு கொடி இருக்கிறது, கொண்டுவரட்டுமா?" என்றான். பெந்தகொஸ்தே சபைக்குப் போகும் டானியல், தமிழனோ டெனிஸ்காரனோ, மனிதனுடைய சொந்த நாடு பரலோகத்தில் இருக்கிறது என்றான். அதற்குக் கொடி எந்தக் கடையில் வாங்கலாம் என்று லீனா என்னிடம் வந்து விசாரித்தாள்.

நான் சும்மா இருப்பேனா? பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன் அல்லவா! யாழ்ப்பாண இராச்சியத்தில் தொடங்கினேன். நந்திக்கொடி, போர்த்துக்கேயர், ஒல்லாந்தர்... ஆங்கிலேயர் கப்பலை விட்டு இறங்குவதற்கு முன்னரே இடைவேளை முடிந்துவிட்டது. பிள்ளை எழும்பிப்போய் தலையிடிக் குளிசை போட்டாள்.

ஆக, எங்கள் மூன்று பேரையும் கேட்டவள், பிறந்தநாள்காரரைக் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஒரு இனத்தின் மானமே எங்கள் கையில் இருக்கும்போது அவரை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும்?

அந்த நாளும் வந்தது. மேசையில் கேக், பணிஸ், மெழுகுதிரி... கொடி இல்லை. கம்பம்கூட இல்லை. யாருடைய மனமும் நோகக் கூடாது என்று லீனா எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள்.

நேசன் அண்ணை மேசையைப் பார்த்தார். கேக்குக்குப் பின்னால் பார்த்தார். குனிந்து மேசைக்குக் கீழேயும் பார்த்தார்.

"என்னுடைய கொடி எங்கே?" என்று டெனிஸில் கேட்டார்.

லீனா விளக்கினாள் — மதிப்பு, அடையாளம், போர், உணர்வுகள்...

"அதெல்லாம் சரி. வருஷா வருஷம் எனக்கு வைக்கிற கொடி. சிவப்பு. அது எங்கே?"

"ஆனால்... அது எங்களுடைய கொடி அல்லவா!"

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது கேட்டது. காது வரைக்கும் சிவந்துவிட்டாள். என்னால் நேசன் அண்ணையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு மாதத்துக்குள் இரண்டாவது தடவை அந்த மனிதரிடம், இது உன்னுடையது இல்லை என்கிறார்கள். முதலில் சொன்னவர்கள் துவக்கை நீட்டிச் சொன்னார்கள். இவள் மரியாதையோடு சொன்னாள். வலி என்னவோ வலிதான்.

லீனா ஓடிப்போய்க் கம்பத்தைத் தேடி எடுத்து வந்தாள். கண்ணில் தண்ணீர். அண்ணை அதை வாங்கித் தன் கையாலேயே கேக்குக்குப் பக்கத்தில் நிறுத்தினார். முதல் துண்டை, பெரிய துண்டாக, அவளுக்கே வெட்டிக் கொடுத்தார்.

குகனுக்குப் பொறுக்கவில்லை. "என்னண்ணை, இந்த நேரத்தில போய் எங்கட அடையாளத்தை விட்டுக் குடுத்திட்டியளே?"

"டேய், இரவு முழுக்க ரெலிபோனுக்குப் பக்கத்தில இருந்து அழுதிட்டு வாறன். என்ர அடையாளம் அங்க கிடக்கு. கேக் தின்னுற இடத்திலயும் என்னை அழச் சொல்லுறியோ?"

குகன் தன் பங்குக் கேக்கை எடுத்துக்கொண்டான். நான் மிச்சம் வைத்திருந்த ஆங்கிலேயர் காலத்தைப் பணிசோடு சேர்த்து விழுங்கினேன்.

இந்த மேற்குநாடுகளில் இப்போது எல்லோரும் எல்லோருடைய அடையாளத்தையும் மதிக்கப் பழகுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் மதிக்கப் போகிற ஆளை முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், தயவுசெய்து.

அவருக்குப் பதிலாக மற்றத் தமிழர்களைக் கேட்காதீர்கள்... முக்கியமாக, பத்தி எழுதுகிறவனை!